அந்த மூன்று நொடி

அன்புள்ள தம்பிக்கு,

நீ டிரம்ஸ் வாசித்து அனுப்பிய பதிவை நாலைந்து தடவை கேட்டேன். ஹாஃப் டைமுக்கு இறங்கியதும் பாட்டு தளர்ந்துவிடுகிறது. டபுள் டைம் வந்ததும் முன்னால் ஓடிவிடுகிறாய். எனக்கும் பல வருஷம் இருந்த பழக்கம் இது. அதனால் இதை மட்டும் எழுதுகிறேன்.

மெட்ரனோமை 80இல் வை. நாலு தட்டு கொண்ட ஒரு பாருக்குச் சரியாக மூன்று நொடி ஆகும். சாதாரண நடையில் ஸ்னேர் இரண்டிலும் நாலிலும் விழும். ஹாஃப் டைமில் மூன்றில் மட்டும். டபுள் டைமில் எண்களில் கிக், எண்களுக்கு நடுவே வரும் 'அண்ட்'களில் ஸ்னேர். பாடுகிறவரின் வரி நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. கிட்டார்காரர் கோர்ட் மாற்றும் இடமும் நகரவில்லை. அதே மூன்று நொடிக்குள் உன் ஸ்னேர் இரண்டு தடவை, ஒரு தடவை, நாலு தடவை என்று விழுகிறது, அவ்வளவுதான்.

கையில் தாளம் போட்டபடி ஒரே சொல்லை இரண்டு காலத்திலும் சொல்லிப் பழகிய மிருதங்கக்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சொல் ஓடும், தாளம் போடும் கை மாறாது. உனக்கு அந்தக் கை உன் இடது கால். வலக்கையை ரைடில் வைத்துக்கொண்டு, ஹை-ஹாட் பெடலில் நாலு தட்டையும் மிதித்துக்கொண்டே இரு. நாலு பார் சாதாரணம், நாலு ஹாஃப், மறுபடி நாலு சாதாரணம், நாலு டபுள். வாய்விட்டு எண்ணு. ரைடில் பாருக்கு எட்டு அடியை முதல் வாரம் மாற்றவே வேண்டாம்.

பிறகு மெட்ரனோமை 40க்கு இறக்கு. ஒன்றுக்கும் மூன்றுக்கும் மட்டும் சத்தம் வரும். ஹாஃப் டைமில் உன் ஸ்னேர் சரியாக விழுந்தால் மூன்றாம் தட்டின் 'டிக்' காதுக்குக் கேட்காது, அடிக்குள் மறைந்துவிடும். அது பழகியதும் அதே சத்தத்தை இரண்டு, நாலு என்று எண்ணி வாசித்துப் பார். கஷ்டமாக இருக்கும், விடாதே.

ஹாஃப் டைமில் நீ தளர்வது ஸ்னேர் விழாத அந்த இரண்டாம் தட்டில். அதை வெறும் இடைவெளி என்று நினைக்கிறாய். ஸ்டீலி டான் குழுவின் 'ஹோம் அட் லாஸ்ட்' பாட்டில் (1977) பெர்னார்ட் பர்டி வாசித்திருப்பதைக் கேள். ஓங்கி விழுவது மூன்றில் ஒரே அடி. உள்ளே ஒவ்வொரு தட்டும் திஸ்ரமாக, மூன்றாகப் பிரிந்து ஷஃபிளாக ஓடுகிறது. ஹை-ஹாட் முதலாவதிலும் மூன்றாவதிலும், நடுவில் ஸ்னேர்மேல் குச்சி லேசாகத் தொடும் கோஸ்ட் நோட். எத்தனை மென்மை, எத்தனை நெருக்கம்! 1979இல் ஜான் பான்ஹம் 'ஃபூல் இன் த ரெய்ன்' பாட்டிலும், 1982இல் ஜெஃப் போர்காரோ 'ரோசன்னா'விலும் அந்த ஷஃபிளைத் தங்கள் வழியில் வாசித்தார்கள். மூன்றையும் அடுத்தடுத்துக் கேள். கோஸ்ட் நோட்டுக்குக் குச்சியை ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்காதே.

ஒரு மாசம் கழித்து அதே பாட்டை மறுபடி பதிவு செய்து அனுப்பு. கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்