பிறநாட்டுக் குடியேற்றமும் மருத்துவ ஏற்பாடும்

பட்டம் பெற்று வெளிநாட்டில் வேலை தேடும் நம் இளைஞர் சம்பளத்தைக் கணக்கிடுகின்றனர். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் கணக்கிடுகின்றனர். மருத்துவத்தைப் பற்றிக் கேட்டால், “அங்கே மருத்துவம் மிக உயர்ந்தது” என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றனர். ஒரு நாட்டில் உயர்ந்த மருத்துவம் இருப்பது வேறு. அது நம் குடும்பத்துக்குக் கிடைப்பது வேறு. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் கடக்கு முன் நம் எல்லையையே பார்ப்போம். சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவுதான். 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை இரண்டும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் வளர்ந்து பெருகிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சித்தூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வருகின்றனர். சாலை ஒன்றே, ஆனால் அரசுகளின் காப்பீட்டு விதிகள் வேறு.

ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ தொடங்கியது. ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு அது பின்னர் விரிவாக்கப்பட்டது. 2023 டிசம்பரில் சிகிச்சைக்கான உச்ச வரம்பு 25 லட்சமாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பின்னதில் 72,000 ரூபாயாக இருந்த வருமான எல்லை 1,20,000 ஆயிற்று. குடும்பத்துக்கு ஆண்டு வரம்பு 5 லட்சம். இவ்விதிகளின்படி, ஆண்டுக்கு 3 லட்சம் ஈட்டும் குடும்பம் சித்தூரில் திட்டத்தினுள் இருக்கும். வேலூருக்குக் குடிபெயர்ந்தால் வெளியே நிற்கும். நோயும் மாறவில்லை, வருமானமும் மாறவில்லை. முகவரி மட்டுமே மாறிற்று. 35 கிலோமீட்டரில் இத்தனை வேறுபாடு உண்டெனில், நாடு விட்டு நாடு செல்வோர் எவ்வளவு விழிப்பாக இருத்தல் வேண்டும்!

உலக நாடுகளின் ஏற்பாடுகளைப் பெரும்பாலும் நால்வகையாகப் பிரிக்கலாம். வரிப்பணத்தில் நடப்பது ஒன்று. 1948 ஜூலை 5இல் தொடங்கிய பிரிட்டனின் தேசிய மருத்துவப் பணி இதற்குச் சான்று. தொழிலாளரும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் காப்பீடு இரண்டாவது. இது 1883இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனியில் சட்டமாயிற்று. கட்டாயச் சேமிப்பை அடிப்படையாகக் கொண்டது மூன்றாவது. சிங்கப்பூர் 1984இல் இதனைத் தொடங்கிற்று. தனியார் காப்பீடு மேலோங்கியது நான்காவது. அமெரிக்கா இதற்கு எடுத்துக்காட்டு. எது சிறந்தது என்ற வாதத்தை அறிஞர்க்கு விட்டுவிடுவோம். குடும்பத்தோடு செல்பவர் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும்.

முதலாவது, நாம் எவ்வளவு, எப்போது செலுத்த வேண்டும்? பிரிட்டனுக்கு வேலை விசாவில் செல்பவர் மருத்துவக் கூடுதல் கட்டணம் செலுத்துகின்றனர். 2024 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டபடி பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர்க்கு 776 பவுண்டு. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் மூன்றாண்டுக்குச் சென்றால் மொத்தம் 10,866 பவுண்டு. முதல் மாதச் சம்பளம் வரும் முன்பே, விசா விண்ணப்பத்தோடு இதனை முழுவதும் கட்டிவிட வேண்டும். மருத்துவப் பணியாளர் விசாவில் செல்பவர்க்கு மட்டும் விலக்கு உண்டு. இத்தொகையை எத்தனை பேர் முன்னரே சேர்த்து வைத்திருக்கின்றனர்?

இரண்டாவது, எந்த நாளிலிருந்து உரிமை? பிரிட்டனில் கட்டணம் செலுத்தி விசா பெற்றுச் சேர்ந்தவுடன் உரிமை உண்டு. கனடாவின் 1984ஆம் ஆண்டுச் சட்டமோ, புதிதாக வருவோரை மூன்று மாதம் வரை காத்திருக்கச் செய்ய மாகாணங்களுக்கு இடந்தருகிறது. அவ்விடைக்காலத்துக்குத் தனிக் காப்பீடு எடுத்துச் செல்லுதல் அறிவுடைமை. கருவுற்ற மனைவியோடு செல்பவர்க்கு இம்மூன்று மாதம் சிறிய காலமன்று.

மூன்றாவது, ‘குடும்பம்’ என்பவர் யார்? இதுவே முதன்மையான கேள்வி. சிங்கப்பூரின் மெடிஷீல்டு லைஃப் காப்பீடு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் இருப்போர்க்கு இல்லை. வேலை அனுமதிச் சீட்டும் எஸ் பாஸும் உடையோர்க்கு முதலாளி காப்பீடு எடுத்துத் தர வேண்டும். உடன் செல்லும் மனைவி மக்களுக்கு அக்கடமை இல்லை. அமெரிக்காவில் 1965இல் வந்த மெடிகேர் 65 வயது நிறைந்தோர்க்கு உதவுகிறது. ஆயினும் மகன் அழைத்துச் சென்ற தாய், நிரந்தரவாசியாகி ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்த பின்னரே கட்டணம் செலுத்தி அதில் சேரலாம். பிரிட்டனின் வேலை விசாவில் துணைவரும் பிள்ளைகளுமே சார்ந்தோர். பெற்றோர் அவ்வரிசையில் இல்லை.

நம் வழக்கிலோ குடும்பம் என்றால் பாட்டியும் உள்ளடங்குவாள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாயை உடன் அழைத்துச் செல்ல எண்ணுபவன், அங்கே மருத்துவமனை எவ்வளவு பெரியது என்று கேட்பதால் பயனில்லை. தாயின் பெயர் எந்த ஏட்டில் ஏறும் என்றே கேட்க வேண்டும். விடை சாதகமாக இல்லையெனில், தாய் ஊரிலேயே தங்குவதற்கு உரிய ஏற்பாட்டைச் செய்வதும் அன்பின் பாற்பட்டதே. திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும், 1993 முதல் இயங்கும் ஸ்விம்ஸும் உள்ளன. 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்தோர் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேரவும் வழி பிறந்துள்ளது. அட்டையைப் பெற்றுத் தருவது, மருத்துவமனைக்கு உடன் செல்ல ஒருவரை அமர்த்துவது, மாதந்தோறும் செலவுக்கு ஒதுக்குவது ஆகிய மூன்றும் புறப்படுமுன் முடிய வேண்டிய கடமைகள்.

நண்பர்களே, வேலைக் கடிதம் வந்ததும் ஒரு தாளை எடுத்து, குடும்பத்தார் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் நோயையும் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இம்மூன்று கேள்விகளின் விடையையும் எழுதுங்கள். எந்தப் பெயரின் எதிரே இடம் வெறுமையாக நிற்கிறதோ, அவருக்கு வழி காணும்வரை பயணச்சீட்டு வாங்க வேண்டா.