கிரகணம் முடிந்த இரவில் முழுநிலாவா?

இந்த மாதப் பாடத்துக்கு ஒரு சினிமாவை எடுத்துக்கொள்வோம். 2006-இல் மெல் கிப்சன் இயக்கிய ‘அபோகலிப்டோ’, உங்களில் சிலர் பார்த்திருப்பீங்க. மத்திய அமெரிக்காவின் மாயா மக்களைப் பற்றிய கதை. நாயகனை நரபலி மேடையில் கிடத்தியிருக்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில் சூரிய கிரகணம் வருகிறது. உயிர் தப்பி ஓடுகிறான். அன்றிரவே காட்டுக்கு மேலே வட்டமாக முழுநிலா!

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பாட்டியிடம் சொன்னால் சிரிப்பாங்க. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா வந்தால்தான் சூரிய கிரகணம், அதாவது அமாவாசை. அன்று நிலா சூரியனோடு உதித்து, சூரியனோடே மறையும். பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கு. படத்தில் கிரகணம் சட்டென்று வந்து போகிறது. நிஜத்தில் அப்படியில்லை. 2019 டிசம்பர் 26-ஆம் தேதி சிங்கப்பூரில் தெரிந்த கங்கண கிரகணத்தை நினைத்துப் பாருங்க. தொடக்கம் முதல் முடிவு வரை ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதுவும் மார்கழி அமாவாசைதான்.

நிலா தப்பு சின்னது. கிரகணத்தைக் கண்டு கூட்டம் அலறுகிறதே, அதுதான் எனக்கு உறுத்தியது. பூசாரியும் அரசனும் மட்டும் பதறுவதில்லை. அவர்களுக்கு முன்பே தெரியும் என்று படம் ஜாடை காட்டுகிறது. ஆனால் அந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று ஒரு வார்த்தை இல்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இன்றும் இருக்கும் மாயா ஏட்டில் ஒரு கிரகண அட்டவணை இருக்கிறது. அது 405 சந்திர மாதங்களை, 11,960 நாட்களாகக் கணக்கிடுகிறது. இன்றைய அளவான 29.53059 நாளை 405-ஆல் பெருக்கிப் பாருங்க, 11,959.89 வரும். சுமார் 33 வருஷத்துக்கு மூன்று மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை! இன்னொன்று, அவர்களுடைய புனித நாட்காட்டி 260 நாள். 46 சுற்று போனால் அதே 11,960. தொலைநோக்கி இல்லாமல், தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்து வைத்த கணக்கு இது.

வரலாறும் குழம்பிப் போயிருக்கு. தெற்கே மாயாப் பெருநகரங்கள் பல 9-ஆம் நூற்றாண்டு வாக்கில் வீழ்ந்தன. ஸ்பானியர் வந்தது 16-ஆம் நூற்றாண்டில். படமோ இரண்டையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுகிறது. மாயாக்களிடம் நரபலி இருந்தது உண்மை. ஆனால் படம் காட்டும் அளவும் விதமும் அஸ்டெக் மக்களைத்தான் நினைவூட்டுகின்றன. வசனம் முழுவதும் யுகாடெக் மாயா மொழியில் என்பதை மட்டும் தாராளமாகப் பாராட்டலாம்.

‘சினிமாதானே, விடுப்பா’ என்று சொல்லலாம். 1984-இல் வந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’ படத்தில் காளியின் பெயரால் பூசாரி ஒருவன் மனிதனின் இதயத்தைப் பிடுங்குவான். இந்தியாவில் படப்பிடிப்புக்கு அனுமதி சிக்கலாகி, இலங்கையில் எடுத்தார்கள். நம் வீட்டில் காளி அம்மா, திரையில் ரத்தவெறி. அந்தக் காட்சி நமக்குக் கோபம் தருகிறது இல்லையா? மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் இன்று லட்சக்கணக்கான மாயா மக்கள் வாழ்கிறார்கள். ‘அபோகலிப்டோ’வை அவர்களும்தான் பார்க்கிறார்கள்.

கிளை வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி: 2027 ஆகஸ்ட் 2, ஆடி அமாவாசை. அன்று எகிப்தின் லக்சர் நகரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழு சூரிய கிரகணம். அன்றிரவு அங்கே நிலா தெரியுமா? அடுத்த பௌர்ணமி எந்தத் தேதி? முதலில் நீங்களே கணக்குப் போடுங்க, அப்புறம் காலண்டரைத் திறங்க.