கசகசாவும் திருப்பூர் பனியனும்

குழம்புக்கு அரைக்கிற கசகசா அபினிச் செடியின் விதை. அதன் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. இதைப் பயிரிடுபவரைப் போலீசை மட்டும் வைத்துத் தடுக்க முடியுமா நண்பர்களே? பிழைப்புக்கு மாற்று வேண்டாமா? அந்நாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரியைக் குறைத்தால் மாற்றுத் தொழில் வளரும் என்பது கணக்கு.

கோகாவுக்கு மாற்றாகப் பொலிவியா, கொலம்பியா, ஈக்வடார், பெரு நாடுகளுக்காக 1991-ல் அமெரிக்கா இப்படிச் சட்டம் போட்டது. ஐரோப்பிய யூனியனும் 11 லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குச் சலுகை தந்து, 2002-ல் பாகிஸ்தானையும் சேர்த்தது. அங்கேதான் நமக்கு உதைத்தது! பாகிஸ்தான் ஆடைக்கு வரியில்லை, திருப்பூர் பனியனுக்கு வரி. இந்தியா உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டது. 2004 ஏப்ரலில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது: சலுகையில் வேறுபாடு காட்டலாம், ஆனால் ஒரே நிலையில் உள்ளவர்களுக்கு ஒரே சலுகை. அளவுகோல் இல்லாத மூடிய பட்டியல் செல்லாது.

சரி, சலுகை பலித்ததா? கொலம்பியாவில் பூ ஏற்றுமதி வளர்ந்தது. கோகா பரப்பும் 1990-களில் பெருகியது. ஏனென்றால் பூந்தோட்டங்கள் தலைநகர் பொகோட்டாவை ஒட்டி. கோகா வயல்களோ ரோடில்லாத காட்டோரம். அழுகாத கோகாவை வியாபாரி தேடிவந்து வாங்குவான். தக்காளியை யார் வாங்குவார்? விலை சரிந்தால் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிற நம் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வரியைக் குறைக்கப் பேனா போதும். ரோடும் பாலமும் குளிர்பதனக் கிடங்கும் கட்ட நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் வேண்டும்!