1624 எங்கிருந்து வருகிறது?

ஏற்காட்டில் பைத்தான் பழகும் தம்பிக்கு,

எழுதிய நிரலைப் பைத்தான் ஷெல்லில் இம்போர்ட் செய்து, ஒவ்வொரு ஃபங்க்ஷனையும் கூப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். அதை விட்டுவிடு என்று சொல்ல நான் எழுதவில்லை. ஷெல் காட்டும் விடையை உன் ஃபைலின் விடை என்று நம்பிவிடாதே என்பதற்காகவே எழுதுகிறேன். ஷெல்லைத் திறந்ததிலிருந்து நீ தட்டிய எல்லாமும் சேர்ந்துதான் அந்த விடையைத் தருகிறது. உன் ஊரையே எடுத்துக்கொள்வோம். அடியை மீட்டராக்க ‘மலை’ என்று ஒரு மாட்யூல், அதில் ‘மீட்டர்’ என்று ஒரு ஃபங்க்ஷன். (பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.) ஃபங்க்ஷன் 3.28-ஆல் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்குகிறது. ஏற்காட்டின் உயரமான 4,970 அடியைக் கொடுத்தால் 1515 வருகிறது. சரியான விடைதான். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியின் 5,326 அடியைக் கொடுத்தால் 1624 வருகிறது. அது தவறு. ஓர் அடி என்பது துல்லியமாக 0.3048 மீட்டர், 1959-இல் நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு அது. அதன்படி பெருக்கினால் 1623. ஊரோடு நிறுத்தியிருந்தால் பிழை தெரிந்தே இருக்காது. அடுத்த எண்ணையும் சும்மா போட்டுப் பார்க்கலாம் என்று தோன்ற வைப்பதுதான் ஷெல்லின் பலம்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். எடிட்டரில் 0.3048-ஆல் பெருக்கும்படி திருத்தி, சேவ் செய்து, அதே ஷெல்லில் மறுபடி இம்போர்ட் செய்கிறாய். மீண்டும் 1624. ஒருமுறை ஏற்றிய மாட்யூலை பைத்தான் தன் பட்டியலில் வைத்திருக்கும். இரண்டாம் இம்போர்ட் அங்கிருந்து எடுத்துத் தருமே தவிர ஃபைலைத் திறக்காது. பத்து ஃபைல்கள் ஒன்றையே இம்போர்ட் செய்தாலும் அது ஒரே தடவை ஓட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது, குறை சொல்ல முடியாது. ஆனால் இதை அறியாதவர் சரியான திருத்தத்தைச் சந்தேகித்து, நல்ல வரியைக் கெடுத்துக்கொள்வார்.

ஃபைலை மறுபடி படிக்க இம்போர்ட்லிப்பில் ரீலோட் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, பாதி உதவும். ‘மலை’யிலிருந்து ‘மீட்டரை’ மட்டும் ஃப்ரம் போட்டு எடுத்திருந்தால், ரீலோட் செய்த பிறகும் உன் கையிலிருப்பது பழைய ஃபங்க்ஷன்தான். பழைய கிளாஸில் உருவான ஆப்ஜெக்ட்டுகளும் பழையபடியே நடந்துகொள்ளும். பெரிய டேட்டாவை ஏற்றவே நேரமாகிறது, ஒவ்வொரு தடவையும் ஷெல்லை மூடித் திறக்க முடியுமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. தேடும்போது ரீலோடை வைத்துக்கொள். ஆனால் பிறருக்குக் கொடுக்கப்போகும் எண்ணைப் புதிதாகத் திறந்த ஷெல்லிலிருந்து எடு. 2024-இல் வந்த 3.13-இல் ஷெல்லுக்கு வண்ணமும் பல வரிகளைத் திருத்தும் வசதியும் வந்தன. ஏற்றிய மாட்யூலை அப்படியே வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஷெல்லே வேண்டாம், முதலிலேயே டெஸ்ட் எழுது என்பவர்களும் உண்டு. எதைக் கேட்க வேண்டும் என்றே தெரியாத கட்டத்தில் என்ன டெஸ்டை எழுதுவது? 5,326 போன்ற எண் அகப்பட்ட பிறகு அதை நழுவவிடாமல் இருந்தால் போதும். டிம் பீட்டர்ஸ் எழுதி 2001-இல் பைத்தான் 2.1-உடன் வந்த டாக்டெஸ்ட் இதற்கே உதவும்: ஷெல்லில் தட்டிய வரியையும் விடையையும் ஃபங்க்ஷனின் விளக்கக் குறிப்பில் ஒட்டிவிட்டால், டெர்மினலிலிருந்து ஓட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக இம்போர்ட் செய்து சரிபார்க்கும். ஆனால் விடையை ஷெல்லிலிருந்து அப்படியே காப்பி அடிக்காதே. 1624-ஐ ஒட்டினால் பிழைக்கு நீயே சான்றிதழ் கொடுத்தவன் ஆவாய். கால்குலேட்டரிலோ காகிதத்திலோ பெருக்கி 1623 என்று எழுது. ஒட்டியதும் 3.28-ஆல் வகுக்கும் பழைய வரியை ஒரு தடவை திரும்பப் போட்டு ஓட்டி, டாக்டெஸ்ட் சத்தம் போடுகிறதா என்று பார்த்துவிட்டு, 0.3048-ஆல் பெருக்கும் வரியை மீண்டும் வை.