சங்கு ஊத வாங்குகிறீர்களா?

திருச்செந்தூர் கடைத்தெருவில் சங்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் வெண்மையைத்தான் பார்க்கிறார்கள். ஊதுவதற்கென்றால் பார்க்க வேண்டியது வேறு.

செய்ய வேண்டியவை

• சங்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கடற்பஞ்சு துளைத்த ஊசித்துளை ஒன்று இருந்தாலும் காற்று கசியும், நாதம் உடையும். வளையலுக்கு வங்காளம் போகும் சங்கிலேயே அரித்ததைக் கழித்துவிடுவார்கள்.

• நுனியைச் சிறிதாக வெட்டத் தொடங்கி, ஊதி ஊதிப் பார்த்து அகலமாக்குங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். சங்குத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. விளிம்பை உப்புத்தாளால் மழுக்காவிட்டால் உதடு கிழியும். (பிரான்சின் மார்சூலா குகையில் 1931-இல் கிடைத்த சங்கின் நுனியும் மனிதர் உடைத்ததுதான் என்று 2021-இல் கண்டறிந்தார்கள். வயது சுமார் 18,000 ஆண்டுகள். இசைக்கலைஞர் ஒருவர் ஊத, மூன்று சுரங்கள் வந்தன.)

• உதட்டை இறுக்கி அதிர விடுங்கள். நாதம் பிறப்பது உதட்டில். சங்கு அதைப் பிடித்து வளர்க்கிறது.

• சுரம் இறங்க வேண்டுமானால் சங்கின் அகன்ற வாய்ப்புறத்தில் கையை மெல்ல நுழையுங்கள்.

செய்யக்கூடாதவை

• உள்ளே இத்தனை சுற்று இருக்கிறதே, ஒலி முட்டிக்கொள்ளுமே என்று கவலைப்படாதீர்கள். அடிநாதம் 350 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், நம் ஊர் வெக்கையில் அதன் அலைநீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். உள்ளே குழாயின் அகலமோ சில சென்டிமீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு இந்த வளைவு ஒரு பொருட்டே இல்லை. நேர்க்குழாயில் போவதுபோலவே போய்விடும். சுற்று மெதுவாக அகன்றுகொண்டே வருவதுதான் முக்கியம். சட்டென அகலம் மாறினால் அங்கே அலை திரும்பும்.

• நாதத்துக்காக வலம்புரிக்குப் பெரும்பணம் கொடுக்காதீர்கள். வலம்புரியும் இடம்புரியும் கண்ணாடிப் பிம்பங்கள். அளவும் வடிவும் ஒத்திருந்தால் ஒலியும் ஒன்றே. பூசைக்கென்றால் அது உங்கள் விருப்பம்.

• அமிலம் ஊற்றி வெளுக்காதீர்கள். சங்கு சுண்ணாம்புப் பொருள், சுவர் கரையும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தாலே போதும்.

• பின்னால் நிற்பவருக்குக் கேட்காது என்று எண்ணாதீர்கள். அடிநாதம் எல்லாப் பக்கமும் பரவும். கூர்மையான மேல்சுரங்கள்தான் சங்கின் வாய் பார்த்த திசையில் அதிகம் போகும். அதனால் குழந்தையின் காதுக்கு நேரே வாயைத் திருப்பவே கூடாது.