வெளுத்ததெல்லாம் பாலன்று

சென்னைப் பெருநகரின் வடகோடியில், கொசத்தலையாற்றுப் பாங்கரில் அமைந்துள்ளது மணலி புதுநகர். எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை, உரத் தொழிற்சாலை, துறைமுகம் ஆகியவற்றில் உழைக்கும் மக்கள் மிகுதியாக வாழும் பகுதி இது. இங்குக் கதிரவன் எழுமுன்னரே வீட்டுக் கதவுகள் திறக்கின்றன. ஆலைக்குச் செல்வோர்க்கும், பள்ளிக்குச் செல்லும் சிறார்க்கும், நோயுற்ற முதியோர்க்கும் அன்றாடம் முதலில் வேண்டப்படுவது பாலே ஆகும். அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். காய்கறியைத் திருப்பிப் பார்த்து வாங்கலாம். பாலையோ அவ்வாறு கண்ணால் கண்டு மதிப்பிட இயலாது. நீர் கலந்த பாலும் வெண்மையாகவே இருக்கும். நோய்க்கிருமி மலிந்த பாலும் வெண்மையாகவே இருக்கும். ‘வெளுத்ததெல்லாம் பால்’ என்று நம்பி ஏமாறலாகாது என முன்னோர் எச்சரித்தது இதனாலன்றோ!

கண்ணுக்குப் புலப்படாத இந்த உண்மையைக் கண்டறிந்து கூறுவோரே பால் பரிசோதகர் ஆவர். அவர்தம் பணி எளியது போலத் தோன்றும். ஆயின் அதில் பொறுப்பு மிகப் பெரிது.

மணலி புதுநகருக்குத் தென்மேற்கே உள்ள மாதவரம், தமிழகத்துப் பால் தொழிலின் வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற ஊர். சென்னை நகரத் தெருக்களிலும் நெருக்கமான கொட்டில்களிலும் கட்டப்பட்டிருந்த பசுக்களையும் எருமைகளையும் நகர்ப்புறத்திற்கு அப்பால் குடியேற்றும் நோக்குடன் அங்கே பால் குடியிருப்பு ஒன்று நிறுவப்பட்டது. தமிழகத்தில் பால்வளத்துறை 1958-ஆம் ஆண்டில் தோன்றியது. 1972-இல் தமிழ்நாடு பால்வள வளர்ச்சிக் கழகம் அமைந்தது. 1981-இல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் அப்பணியை ஏற்றது. ‘ஆவின்’ என்னும் பெயரால் மக்கள் அறிந்திருப்பது இவ்விணையத்தின் பாலையே. ஊர்தோறும் உள்ள பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களே இவ்வமைப்பின் வேர்கள். அவ்வேர்களில் நாள்தோறும் காலையும் மாலையும் அமர்ந்திருப்பவர் பால் பரிசோதகர்.

சங்கத்தின் வாயிலில் தூக்குகளும் குடங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரே ஒரு பசுவை வளர்த்து, அதன் பாலை விற்றுக் குடும்பம் நடத்தும் எளியோர் பலர் அவ்வரிசையில் இருப்பர். பாலின் அளவுக்கு மட்டுமன்றி, அதிலுள்ள கொழுப்புக்கும், கொழுப்பல்லாத பிற திடப்பொருள்களுக்கும் ஏற்பவே விலை கணக்கிடப்படுகிறது. எனவே பரிசோதகர் ஏட்டில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஓர் ஏழை வீட்டின் அடுப்பைத் தொடுகிறது.

முதலில் அவர் செய்வது முகர்ந்து பார்த்தல். புளிப்பு மணமோ, தீய நாற்றமோ இருப்பின் மூக்கே அறிவித்துவிடும். அடுத்துப் பாலை நன்கு கலக்கி, அதன்பின்னரே ஆய்வுக்குரிய சிறிதளவை எடுக்கிறார். இஃது ஒரு சிறு செயல், ஆயினும் இன்றியமையாதது. கொழுப்பு நீரினும் இலேசானது. ஆதலின் அது மேலே மிதந்து திரளும். கலக்காமல் மேற்புறத்தில் மொண்டால் கொழுப்பு மிகுதியாகவும், அடியில் எடுத்தால் குறைவாகவும் காணும். முதற்படியில் பிழை நேர்ந்தால், பின்னர் எத்துணை நுட்பமான கருவியைக் கொண்டு ஆராய்ந்தும் பயனில்லை.

பின்னர் வருவது பால்மானி. இதனை லாக்டோமீட்டர் என்றும் வழங்குவர். அடியில் கனமும் மேலே அளவுக்குறிகள் பொறித்த தண்டும் உடைய கண்ணாடிக் கருவி இது. அடர்த்தி மிக்க நீர்மத்தில் இது உயர்ந்து மிதக்கும். அடர்த்தி குறைந்ததில் ஆழ்ந்து மிதக்கும். நல்ல பசும்பாலில் இதன் அளவு பொதுவாக 28 முதல் 32 வரை இருக்கும். நீர் கலந்தால் அளவு குறையும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பால்மானியில் சில வகைகள் 60 பாரன்ஹீட் பாகை வெப்பநிலைக்கென்று அளவிடப்பட்டவை. பால் சூடாக இருந்தால் அதன் அடர்த்தி குறையும். கருவி ஆழ்ந்து மிதக்கும். ஒரு பெண் கொண்டுவந்த பாலின் வெப்பநிலை 85 பாகை என்றும், பால்மானி காட்டும் அளவு 26 என்றும் கொள்வோம். அரைகுறையாகக் கற்றவன், “அம்மா, நீர் கலந்திருக்கிறீர்கள்” என்று பலர் முன்னிலையில் கூறிவிடுவான். முறையாகக் கற்ற பரிசோதகரோ வெப்பமானியையும் பார்ப்பார். ஒவ்வொரு பாகை மிகுதிக்கும் 0.1 வீதம் கூட்ட வேண்டும் என்பது விதி. 25 பாகைக்கு 2.5 கூட்டினால் உண்மை அளவு 28.5 ஆகிறது. அவள் பாலில் நீர் கலந்தது என்று இவ்வளவைக் கொண்டு கூற இயலாது! கறந்த சூடு ஆறாத பாலில் காற்றுக் குமிழிகள் இருப்பதாலும் அளவு குறைந்து காட்டும். ஆதலின் சற்றுப் பொறுத்தே அளத்தல் வேண்டும். குற்றம் செய்தவரைக் காட்டிக் கொடுப்பதைவிடக் குற்றமற்றவரைக் காப்பது பெரிய அறமாகும். அவ்வறத்தைக் காத்தற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, கல்வியும் வேண்டும்.

இனி, பால்மானியையே ஏமாற்றும் வஞ்சனையும் உண்டு. பாலின் கொழுப்பை எடுத்துவிட்டால், இலேசான பொருள் நீங்குவதால் எஞ்சிய பாலின் அடர்த்தி உயரும். கொழுப்பு நீக்கிய பாலின் அளவு 36 எனக் கொண்டால், அதில் 5 லிட்டருடன் 1 லிட்டர் நீரைக் கலந்தவுடன் அளவு மீண்டும் 30-க்கு இறங்கிவிடும். வெண்ணெயும் போயிற்று, நீரும் சேர்ந்தது, பால்மானியோ ‘நல்ல பால்’ என்றே கூறுகிறது! ஒரு கருவியின் சொல்லை மட்டும் நம்புதல் எத்துணைத் தவறு என்பதற்கு இதுவே சான்று.

இச்சிக்கலை நீக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் மோல்டன் பாப்காக். பாலிலுள்ள கொழுப்பை எளிதில் அளக்கும் முறையை அவர் 1890-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்குரிய காப்புரிமையைப் பெற்றிருந்தால் பெருஞ்செல்வம் ஈட்டியிருப்பார். எனினும் உழவர் அனைவர்க்கும் பயன்படட்டும் என்று அதனைப் பொதுவுடைமையாக விட்டுவிட்டார். அதனையடுத்துச் சுவிட்சர்லாந்து நாட்டு நிக்லாஸ் கெர்பர் வகுத்த முறையே இந்திய நாட்டில் பெரிதும் பரவியது.

கெர்பர் முறையில், கழுத்தில் அளவுக்குறி பொறித்த தனிவகைக் கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலத்தை ஊற்றுவர். அதன்மேல் 10.75 மில்லிலிட்டர் பாலையும், 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹாலையும் சேர்ப்பர். அமிலம் பாலிலுள்ள புரதத்தைக் கரைத்துக் கொழுப்பை விடுவிக்கும். குழாயை மூடிக் குலுக்கி, விரைந்து சுழலும் பொறியில் வைத்துச் சுழற்றினால் கொழுப்பு தனியே பிரிந்து, குழாயின் கழுத்தில் தெளிவான பொன்னிறத் தூணாக நிற்கும். அதன் உயரமே கொழுப்பின் விழுக்காடு. அமிலம் கையில் பட்டால் சுடும். கண்ணில் பட்டால் பார்வையே கெடும். எனவே இப்பணி செய்வோர்க்கு நிதானமே முதற் கவசம். இக்காலத்தில் மின்னணுக் கருவிகள் பல சங்கங்களில் நொடிப்பொழுதில் விடை தருகின்றன. எனினும் அக்கருவிகள் சரியாக இயங்குகின்றனவா என்று சோதிப்பதற்குப் பழைய முறைகள் இன்றும் துணை நிற்கின்றன.

பால் கெட்டியாக இருந்தால் மட்டும் போதுமா? தூய்மையாகவும் இருத்தல் வேண்டும். இதனை அறியும் முறைகளுள் ஒன்று மெத்திலீன் நீலச் சோதனை. 10 மில்லிலிட்டர் பாலில் 1 மில்லிலிட்டர் நீலச் சாயக் கரைசலைச் சேர்த்து, 37 செல்சியஸ் பாகை வெப்பத்தில் வைப்பர். நுண்ணுயிர்கள் பாலிலுள்ள உயிர்வளியைத் தீர்க்கத் தீர்க்க நீலம் மறையும். 5 மணி நேரத்திற்கு மேலும் நீலம் நின்றால் பால் மிக நன்று. அரைமணிக்குள் வெளுத்துவிட்டால் அப்பால் மிகவும் கெட்டது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் பெருக்கத்தை ஒரு சாயத்தின் மறைவு கொண்டு அறியும் இம்முறை வியக்கத்தக்கதன்றோ?

பரிசோதகர் சிலர் சங்கத்தோடு நில்லாமல் பண்ணைகளுக்கே செல்கின்றனர். ஒவ்வொரு பசுவின் பாலையும் தனித்தனியே ஆய்ந்து பதிவு செய்யும் சங்கம் முதன்முதல் டென்மார்க் நாட்டில் 1895-ஆம் ஆண்டில் தோன்றியது. பின்னர்ப் பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின. பண்ணைக்குச் செல்பவர், முதலில் கறக்கும் பாலில் திரிகளோ இரத்தக்கறையோ உள்ளனவா என்று கரிய தட்டில் பீய்ச்சிப் பார்த்து மடிநோயைக் கண்டறிகிறார். கடைசியில் வரும் பாலிலேயே கொழுப்பு மிகுதி. எனவே மடியில் மிச்சம் விடாமல் கறக்கும்படி அறிவுறுத்துகிறார். நோய்க்கு மருந்து செலுத்தப்பட்ட மாட்டின் பாலைக் குறித்த நாள்கள் கழியும்வரை விற்கலாகாது என்றும் எடுத்துரைக்கிறார். இவ்வாறு அவர் உழவர்க்குத் தீர்ப்புக் கூறும் நடுவராக மட்டுமன்றி, வழிகாட்டும் நண்பராகவும் விளங்குகிறார்.

ஊர்களிலிருந்து குளிரூட்டி அனுப்பப்படும் பால் பால்பண்ணையை அடைந்ததும் மீண்டும் சோதிக்கப்படுகிறது. 72 செல்சியஸ் பாகை வெப்பத்தில் 15 நொடி காய்ச்சி, உடனே குளிரச் செய்வது பாஸ்டர் முறையாகும். அவ்வெப்பம் முறையாக எட்டியதா என்பதையும் பரிசோதகரே கண்டறிவார். பாலில் இயற்கையாக உள்ள பாஸ்படேஸ் என்னும் நொதி அவ்வெப்பத்தில் அழிந்துவிடும். அஃது எஞ்சியிருந்தால் பால் போதிய அளவு காய்ச்சப்படவில்லை என்பது தெளிவு. உறையில் அடைத்து விற்கும் பாலுக்கும் சட்டம் வரம்பு வகுத்துள்ளது. சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3.0 விழுக்காடும், நிலைப்படுத்திய பாலில் 4.5 விழுக்காடும், நிறைகொழுப்புப் பாலில் 6.0 விழுக்காடும் குறையாமல் இருத்தல் வேண்டும்.

இத்தொழிலை விரும்பும் இளைஞர்க்கு வட சென்னைக்கு அண்மையிலேயே கல்வி வாய்ப்புகள் உள்ளன. 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால் குடியிருப்பில்தான் அமைந்துள்ளது. அதன் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி கொடுவள்ளியில் உள்ளது. வேதியியலும் நுண்ணுயிரியலும் இத்துறைக்கு இரு கண்கள். ஆயினும் அவற்றினும் மேலாக வேண்டப்படுவது நேர்மை. ‘எனக்காக ஓர் எண்ணைக் கூட்டி எழுதக்கூடாதா?’ என்று வேண்டுவோர் இருப்பர். ‘அவனுக்குக் குறைத்து எழுது’ என்று தூண்டுவோரும் இருப்பர். ஒருவர்க்குப் பொய்யாகக் கூட்டினால் அந்த இழப்பை உண்மையாளர் அனைவரும் சுமக்க நேரும். ஒருவர்க்குப் பொய்யாகக் குறைத்தால் அவர் உழைப்பே களவு போகும்.

மணலி புதுநகரில் ஒரு தாய் விடியலில் காய்ச்சிய பாலைத் தன் குழந்தைக்கு ஆற்றிக் கொடுக்கிறாள். அவள் பால்மானியைக் கண்டதில்லை. நீலச் சாயத்தை அறிந்ததில்லை. பரிசோதகரின் பெயரையும் கேட்டதில்லை. எனினும் ஐயமின்றிக் கொடுக்கிறாள். எங்கோ ஓர் ஊரில் ஒருவர் கண்ணாடிக் குழாயை விளக்கொளியில் உயர்த்திப் பிடித்து, கண்டதைக் கண்டவாறே எழுதியிருக்கிறார் என்பதே அவளது நம்பிக்கைக்கு அடிப்படை. அந்நம்பிக்கையைக் காக்கும் பணியினும் சிறந்த பணி வேறு யாது?