கியர் பெட்டியில் எண்ணெய்க் கசிவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மோட்டார் வண்டி நின்ற இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் கிடந்தால், காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவதே நம்மில் பலருடைய வழக்கம். அந்த இரண்டு சொட்டைப் பற்றியே இக்கட்டுரை. வண்டியைப் பற்றி எழுதுவது கல்லூரி மலருக்குப் பொருந்துமா என்று முதலில் தயங்கினேன். முதலாண்டில் நாம் படித்த வெப்பவியலும் பாய்மங்களின் இயல்பும் ஒரு டீசல் வண்டியின் வயிற்றுக்கு அடியில் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கண்ணாரக் கண்ட பிறகு தயக்கம் போய்விட்டது.

என் தந்தையார் ஒரு டீசல் பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கொடைக்கானல் மேல்மலைக் கிராமங்களிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு பழனி வழியாக இறங்கி ஒட்டன்சத்திரம் சந்தையில் சேர்ப்பது அவர் தொழில். வண்டி கடனில் வாங்கியது. 2024-ஆம் ஆண்டு ஐப்பசி மழையின்போது வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. ஒரு பட்டறையில் கியர் பெட்டியின் பின்பக்க ஆயில் சீலை மாற்றினார்கள். பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தது, மீண்டும் சொட்டியது. வேறொரு பட்டறையிலும் அதே சீலைத்தான் மாற்றினார்கள். அது ஒன்பது நாள் தாங்கியது. சீலின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் வண்டி நின்றது, அந்த இரண்டு நாள் வாடகையும் போயிற்று. தவணை இன்னும் பதினாறு பாக்கி. எண்ணெய் வற்றிக் கியர் பெட்டி பிடித்துக்கொண்டால் செலவு எங்கள் கைக்கு அடங்காது. “வண்டிய வந்த விலைக்குக் குடுத்துரலாமா?” என்று அப்பா ஓர் இரவு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். நான் உறங்கிவிட்டதாக இருவரும் நினைத்திருந்தார்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். பின் சக்கரங்களால் ஓடும் வண்டியில் எஞ்சினுக்குப் பின்னால் கிளட்ச்சும், அதற்குப் பின்னால் கியர் பெட்டியும் உள்ளன. கியர் பெட்டியிலிருந்து ஒரு நீண்ட தண்டு பின் அச்சுக்குச் செல்கிறது. இதுவே புரொப்பல்லர் ஷாப்ட். பெட்டிக்குள் பற்சக்கரங்கள் பாதியளவு எண்ணெயில் மூழ்கிச் சுழல்கின்றன. எங்கள் வண்டியில் இந்த எண்ணெய் ஏறத்தாழ இரண்டு லிட்டர். மீதி இடத்தில் காற்று இருக்கிறது. இந்தக் காற்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வேலை இருக்கிறது.

சுழலும் தண்டு பெட்டிக்கு வெளியே வர வேண்டும். எண்ணெய் வரக் கூடாது. இந்த இக்கட்டைத் தீர்ப்பது ஆயில் சீல். இரும்பு வளையத்தின் உட்புறத்தில் மெல்லிய ரப்பர் உதடு. அதைத் தண்டின்மேல் அணைத்துப் பிடிக்க வட்டமான ஒரு சுருள் கம்பி. முற்காலத்தில் இவ்வுதட்டைத் தோலால் செய்தார்கள். ஜெர்மனியில் வைன்ஹைம் ஊரில் தோல் பதனிட்டுவந்த பிராய்டன்பெர்க் நிறுவனம் இத்தொழிலில் இறங்கிப் பின்பு செயற்கை ரப்பருக்கு மாறியது. தோலுக்குப் பேர்போன நம் திண்டுக்கல்லுக்கு அந்த வாய்ப்பு வரவில்லையே என்று எனக்கு ஒரு சிறு ஏக்கம். நிற்க, ரப்பர் உதடு தண்டை முழுக்கத் தொட்டுக்கொண்டு ஓடுவதில்லை. இரண்டுக்கும் இடையே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அப்படலம் இல்லாவிட்டால் உதடு கருகிவிடும், தடித்துவிட்டால் ஒழுகும்.

கசிவு கண்டதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஒழுகுவது என்ன எண்ணெய் என்பது. டீசல் எஞ்சின் எண்ணெய் சில நாட்களிலேயே புகைக்கரியால் கறுத்துவிடும். கியர் எண்ணெய் தேன் நிறம், பிசுபிசுப்பு மிகுதி. அதில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்களால் ஒரு கெட்ட வாடை வீசும், ஒரு முறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். கிளட்ச், பிரேக் திரவம் நீர்போல் ஓடும், தண்ணீரில் கரையும், வண்டியின் பெயிண்டை உரித்துவிடும். தானாகக் கியர் மாறும் வண்டிகளில் ஊற்றும் எண்ணெய்க்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் இட்டிருப்பார்கள். ஒரு வெள்ளைத் தாளை அடியில் விரித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மறுபாதிதான் கடினம். எண்ணெய் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும், புவியீர்ப்பு கீழே இழுக்கும். ஆகவே நனைந்த பகுதியில் எது எல்லாவற்றிலும் உயரத்திலும் முன்புறத்திலும் இருக்கிறதோ அதைத்தான் முதலில் ஐயுற வேண்டும். பல நாள் அழுக்கின்மேல் இதைக் காண இயலாது. மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு பெட்டி முழுவதையும் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காய்ந்த பின் முகத்துக்குப் பூசும் பவுடரை லேசாகத் தூவிவிட வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பவுடரில் எண்ணெய் வழிந்த தடம் கோடுபோலத் தெரியும். நான் இதைச் செய்தபோது அம்மாவின் பவுடர் டப்பா பாதி காலியாயிற்று. தடம் பின்பக்க சீலையே காட்டியது. ஆக, இரண்டு பட்டறைக்காரர்களும் இடத்தைப் பிழையாகச் சொல்லவில்லை.

இந்த நிலையில் ஒரு சிறு சோதனையும் செய்தேன். சொட்டிய எண்ணெயை அளவுக் குழாயில் பிடித்தபோது நூறு சொட்டுக்கு மூன்று மில்லிலிட்டர் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 1440 சொட்டு, அதாவது 43 மில்லிலிட்டர். இரண்டு லிட்டரில் பாதி தீர இருபத்து மூன்று நாள் போதும். ஓடும்போதோ கசிவு இதைவிட மிகும். ஏனெனில் சூடேறினால் எண்ணெயின் பாகுநிலை குறையும். 80டபிள்யூ-90 வகை எண்ணெயை 40 டிகிரி செல்சியஸிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுநிலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. குளிர்ந்து நிற்கும் வண்டியில் நனைவாகத் தெரியும் கசிவு மலைப்பாதையில் ஒழுக்காகிவிடும்.

மூன்றாவதாக நாங்கள் போனது, சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கதையைக் கேட்டுவிட்டு அவர் சீலைப் பார்க்கவே இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து, கையைப் பெட்டியின் மேற்புறத்துக்கு விட்டுத் துழாவினார். விரல் நுனியில் காய்ந்த சேற்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, “சீல் மேல தப்பு இல்ல தம்பி. மேல மூக்க அடச்சு வச்சா வாய் வழியாத்தானே வரும்?” என்றார்.

அந்த மூக்கின் பெயர் பிரீதர். கியர் பெட்டியின் உச்சியில் இருக்கும் சிறு துளை. மேலே ஒரு மூடி. உள்ளே இருக்கும் காற்று சூடேறும்போது வெளியேறவும், குளிரும்போது திரும்பி வரவும் வைத்த வழி. நம் வீட்டுக் குக்கரில் வெயிட் போடும் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். எங்கள் வண்டி அந்த மழையில் தரைப்பாலத்து வெள்ளத்தைப் பலமுறை கடந்திருந்தது. அப்போது புகுந்த சேறு காய்ந்து துளையை அடைத்திருக்கிறது.

பெரியவர் சொன்னதை அன்றிரவு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பெட்டி முழுவதும் அடைபட்டதாகக் கொள்வோம். உள்ளே இரண்டு லிட்டர் எண்ணெய், இரண்டு லிட்டர் காற்று. காலையில் வெப்பநிலை 30 டிகிரி, தனி வெப்பநிலையில் 303 கெல்வின். மலையேறிய பின் 90 டிகிரி, அதாவது 363 கெல்வின். பருமன் மாறாதிருந்தால் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் உயரும்: 363-ஐ 303-ஆல் வகுக்க 1.198. எண்ணெயும் சும்மா இருப்பதில்லை. டிகிரிக்குச் சுமார் பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரியும் எண்ணெய், 60 டிகிரிக்கு 84 மில்லிலிட்டர் பெருகும். அந்த அளவுக்குக் காற்றுக்கு இடம் சுருங்குவதால் அழுத்தம் மேலும் 1.044 மடங்காகும். இரண்டையும் பெருக்க 1.25 வருகிறது. அதாவது வெளியில் உள்ளதைவிட உள்ளே கால் பங்கு வளிமண்டல அழுத்தம் அதிகம். தண்டின் விட்டம் 4 சென்டிமீட்டர், சீலின் வெளிவிட்டம் 6 சென்டிமீட்டர் என்று கொண்டால், சீலின் முகத்தை ஏறத்தாழ 4 கிலோகிராம் எடை வைத்ததுபோல் உள்ளிருந்து தள்ளுகிறது.

நான்கு கிலோ பெரிதா என்று கேட்கலாம். வழுக்கிச் சுழலும் தண்டின்மேல் மெல்ல அமர்ந்திருக்கும் ரப்பர் உதட்டுக்கு அது பெரிதுதான். இவ்வகைச் சீல்கள் அழுத்த வேறுபாடு அதிகம் இல்லாத இடத்துக்கென்றே செய்யப்படுபவை. என்னைப் பல நாள் குழப்பிய கேள்வி ஒன்று: அப்படியானால் புதிய சீல் பன்னிரண்டு நாள் எப்படித் தாங்கியது? விடை எளிது. உள்ளழுத்தம் முதலில் உதட்டைத் திறப்பதில்லை. தண்டின்மேல் இன்னும் இறுக்கி அழுத்துகிறது. எண்ணெய்ப் படலம் மெலிகிறது, உராய்வும் சூடும் கூடுகின்றன, உதடு கடினமாகித் தேய்கிறது. தேய்ந்த பிறகே ஒழுகுகிறது. ஒவ்வொரு புதுச் சீலையும் நாங்களே பலிகொடுத்திருக்கிறோம்.

குளிரும்போது நடப்பது இன்னொரு கேடு. சூடான பெட்டி வெள்ளத்தில் முழுகினால் உட்காற்று சுருங்கி, தேய்ந்த உதட்டின் வழியே தண்ணீரை உறிஞ்சும். எண்ணெயை வடித்தபோது அது பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. பேரிங்குகள் துருப்பிடிக்காமல் தப்பியது எங்கள் நல்லூழ்.

பழுது பார்த்த முறையைச் சொல்கிறேன். சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் மரக்கட்டைகளையும் அடுக்கிய பின்பே அடியில் புகுந்தோம். முதலில் மேலே உள்ள எண்ணெய் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே உள்ள வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். வடித்த பிறகு மேல் பிளக் துருவேறிக் கழலாவிட்டால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். புரொப்பல்லர் ஷாப்ட்டைக் கழற்றுமுன் இரு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு இட்டோம். அதே நிலையில் திரும்பப் பூட்டாவிட்டால் சமநிலை கெட்டு வண்டி அதிரும். பழைய சீலை நெம்பி எடுத்ததும் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார் பெரியவர். நகம் லேசாகத் தட்டியது. உதடு ஓடிய இடத்தில் மெல்லிய பள்ளம். அதே பள்ளத்தில் புதுச் சீலையும் உட்கார வைத்தால் பயனில்லை. ஆழமான பள்ளம் என்றால் மெல்லிய எஃகு உறை ஒன்றைத் தண்டின்மேல் ஏற்ற வேண்டும். எங்களுடையது ஆழமில்லை, நுண்ணிய உப்புத்தாளைத் தண்டைச் சுற்றி மட்டும் தேய்த்துவிட்டு, புதுச் சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தார். நெடுக்காகத் தேய்த்தால் அந்தக் கீறலே எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும்.

சீலின் சுருள் கம்பி உள்ள பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் ஒரே அளவாகத் தட்டி ஏற்ற வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கம் மட்டும் தட்டினால் கோணும். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி விட்டுக் குடைந்து, வாயால் ஊதிப் பார்த்தோம். பின் அதற்கு ஒரு ரப்பர்க் குழாய் மாட்டி, குழாயின் நுனியைக் கீழ்நோக்கி வளைத்து, வெள்ளம் எட்டாத உயரத்தில் கட்டினார்.

எண்ணெயில் இரண்டு எச்சரிக்கை. அளவு மேல் பிளக்கின் விளிம்புவரைதான். வண்டி சமதரையில் நிற்கும்போது சுண்டுவிரலை விட்டால் நனைய வேண்டும், அவ்வளவே. கசிகிறதே என்று கூடுதலாக ஊற்றுவோர் காற்றுக்கு இருக்கும் இடத்தைக் குறைத்து மேலும் கசியவைக்கிறார்கள். அடுத்து, ஜி.எல்-4 என்று வண்டிப் புத்தகத்தில் எழுதியிருந்தால் ஜி.எல்-5 உயர்ந்தது என்று எண்ணி ஊற்றக் கூடாது. அதில் மிகுதியாக உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர் மாற்ற உதவும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்.

பெரியவர் கூலியாக வாங்கியது அறுநூறு ரூபாய். பிரீதருக்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. நான் கணக்குப் போட்ட தாளை மறுநாள் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எண்களை விட்டுவிட்டு, கீழே நான் வரைந்திருந்த சீலின் படத்தை நெடுநேரம் பார்த்தார். “கம்பியத் திருப்பிப் போட்டிருக்க, தம்பி” என்றார். உண்மைதான், படத்தில் சுருள் கம்பியை வெளிப்பக்கம் வரைந்திருந்தேன். அங்கேயே அவருடைய பென்சிலை வாங்கித் திருத்திக்கொண்டேன்.